இலையும் மாத்திரையும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேசுவதற்கு இம்மேடையில் என்னைவிடத் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். ஆகவே, உடல்நலத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லேன். வரலாறு படித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருபவன். எனினும் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. அவ்வுரிமையை எனக்கு அளித்தவர் என் சிறிய தந்தையார்.

அவர் செங்கற்சூளையில் உழைத்தவர். ஐம்பத்திரண்டாம் அகவையில் அவருக்கு நீரிழிவு இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்டறியப்பட்டது. மாத்திரைகளை விலையின்றிக் கொடுத்தார்கள். ஓராண்டுக் காலம் ஒழுங்காக உட்கொண்டார். பின்னர், வாரச் சந்தையில் ஒருவர் விற்ற மூலிகைப் பொடியை வாங்கி வந்தார். "தம்பி, இந்த இங்கிலீசு மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடுமாம், இது இயற்கை, ஒரு கெடுதியும் செய்யாதாம்" என்று என்னிடம் கூறினார். படித்தவன், ஆசிரியன், அவருடைய கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டியவன், நான் தடுக்கவில்லை. "பொடிதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று எண்ணி வாளாவிருந்துவிட்டேன். ஒன்றரை ஆண்டு சென்றபின் அவர் காலில் ஒரு முள் குத்தியது. குத்தியதை அவர் உணரவே இல்லை. புண் அழுகிய பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். உழைத்து உண்டவர் உட்கார்ந்து உண்ண நேர்ந்தது. அத்துயரத்திலேயே அவர் வாழ்வும் முடிந்தது.

அவர் வேண்டாம் என்று எறிந்த அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று நான் பின்னர் தேடிப் படித்தேன். படித்தபோது என் நெஞ்சம் நடுங்கிற்று. ஏன் நடுங்கிற்று என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

முதற்கண், நோயைப் பற்றிச் சில சொற்கள். நீரிழிவு தனியாக வருவதில்லை. அது தன் சுற்றத்தோடு வருகின்றது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ அறிஞர் ஜெரால்டு ரீவன் என்பார், உடலில் தோன்றும் பல கோளாறுகள் ஒரே வேரிலிருந்து கிளைப்பன என்று ஒரு சொற்பொழிவில் எடுத்துரைத்தார். இன்று அதனை 'வளர்சிதைமாற்ற நோய்க்குறித் தொகுதி' என்று வழங்குகின்றனர். பெயர் நீளமாயினும் பொருள் எளிது. ஐந்து அளவுகளை நினைவில் வையுங்கள். ஒன்று, இடுப்புச் சுற்றளவு: நம் நாட்டு ஆடவர்க்கு 90 செ.மீ., பெண்டிர்க்கு 80 செ.மீ. என்னும் எல்லையை எட்டுதல். இரண்டு, இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல் இருத்தல். மூன்று, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருத்தல். நான்கு, இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150ஐ எட்டுதல். ஐந்து, 'நல்ல கொழுப்பு' என்று சொல்லப்படுவது ஆடவர்க்கு 40க்கும், பெண்டிர்க்கு 50க்கும் கீழே இறங்குதல். இவ்வைந்தில் எவையேனும் மூன்று ஒருவரிடம் கூடுமாயின், அவர் இத்தொகுதிக்கு ஆளானவர். நீரிழிவு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியன அவருக்குப் பிறரைவிட மிகுதியாக வரக்கூடும்.

இவற்றின் வேர் எது? நாம் உண்ணும் உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றது. கணையம் சுரக்கும் இன்சுலின், அச்சர்க்கரையை உடலின் தசைகளுக்குள் செல்லப் பணிக்கின்றது. இதனைப் பள்ளி மணியோடு ஒப்பிடலாம். மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்பறைக்குள் செல்லவேண்டும். விளையாட்டில் மூழ்கிய பிள்ளைகளுக்கு மணியோசை காதில் விழுவதில்லை. காவலாளி மேலும் ஓங்கி அடிக்கின்றார். அப்பொழுதும் பாதிப் பேரே உள்ளே செல்கின்றனர். இவ்வாறு பல ஆண்டுகள் ஓங்கி அடித்து அடித்து ஒருநாள் அவர் கை ஓய்ந்துவிடுகின்றது. வயிற்றில் கொழுப்புச் சேரச் சேர நம் உடலுக்கு இன்சுலினின் ஓசை கேட்பதில்லை. கணையத்தின் கை ஓயும் நாளில் நீரிழிவு வெளிப்படுகின்றது. ஆயின் நோய் அன்று தொடங்கியதன்று. மணியோசை கேளாமற்போன அன்றே தொடங்கிவிட்டது.

'இது பணக்காரர் நோய்; நமக்கு ஏன்?' என்று பெரியோர் சிலர் கேட்கலாம். என் தந்தையார் காலத்தில் அக்கேள்வி பொருந்தியிருக்கலாம். அவர் பிறர் நிலத்தில் ஏர் பிடித்தார். விடியலில் கேழ்வரகுக் கூழ், நண்பகலில் கூழ், இரவில் கிடைத்தால் சோறு. சோறு என்பது எங்கள் வீட்டில் திருநாள் உணவு. இன்று நியாய விலைக் கடை அரிசி நம் பசியை ஆற்றியுள்ளது. அது பெரும் பேறு. அதனைக் குறைகூற மாட்டேன். பசியை அறிந்தவன் அரிசியைப் பழிக்கமாட்டான். ஆனால் மூன்று வேளையும் தீட்டிய அரிசி, உடன் சிறிது குழம்பு, இடையிடையே சர்க்கரை மிகுந்த தேநீர் என்று உணவு மாறிவிட்டது. ஏர் பிடித்த கை இன்று இருசக்கர வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கின்றது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் மக்கள் நீரிழிவு உற்றோர் என்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் மக்கள் அதன் வாயிலில் நிற்போர் என்றும் மதிப்பிட்டது.

நாம் சிறப்பாகக் கருதவேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. தாய் வயிற்றில் உணவு குறைந்து, எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என்று 1992இல் ஆங்கில அறிஞர்களான ஹேல்சும் பார்க்கரும் கருத்து வெளியிட்டனர். புனே நகரத்து மருத்துவர் யாக்னிக் அவர்களும் அவருடைய குழுவினரும் நம் நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து, மெலிந்து பிறக்கும் குழந்தையின் உடலிலும் கொழுப்பின் பங்கு குறைவதில்லை, தசையே குறைகின்றது என்று காட்டினர். அதாவது, பாட்டி பட்ட பசி பேரனின் உடலில் கணக்கு வைக்கின்றது. தலைமுறை தலைமுறையாகப் பசித்த நம் மக்கள், இப்பொழுது வயிறார உண்ணும் காலத்தில் மற்றவரைவிட விழிப்பாக இருத்தல் வேண்டும். மெலிந்த உடல் உள்ளவரும் 'எனக்கு வராது' என்று இறுமாந்திருக்க இயலாது.

இனி, அந்த மாத்திரையின் வரலாற்றுக்கு வருகின்றேன்.

தெற்கு ஐரோப்பாவின் ஈரப்பாங்கான நிலங்களில் ஊதாப்பூப் பூக்கும் செடி ஒன்று வளர்கின்றது. கலேகா அஃபிசினாலிஸ் என்பது அதன் தாவரவியற் பெயர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வெந்தயமும் ஆவாரையும் அதே குடும்பத்தினவே. நூற்றாண்டுகளாக அங்குள்ள நாட்டு வைத்தியர்கள் அச்செடியைப் பயன்படுத்தி வந்தனர். மிகுதியாகச் சிறுநீர் கழியும் நோய்க்கும் கொடுத்ததாகச் சொல்வர். ஆனால் அதே செடியை மிகுதியாக மேய்ந்த ஆடுகள் மூச்சுத் திணறி மடிந்ததும் உண்டு. ஒரே செடி, மருந்தும் அதுவே, நஞ்சும் அதுவே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலார் அச்செடியைப் பகுத்து ஆராய்ந்தனர். 1914ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டுத் தான்ரே என்பார் அதிலிருந்து கலேகின் என்னும் சேர்மத்தைப் பிரித்தார். 1918இல் வாட்டனபே என்னும் ஜப்பானியர், அதனோடு உறவுடைய குவானிடின் என்னும் பொருள் முயல்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டார். கலேகினை மனிதர்க்கும் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரை குறைந்தது, ஆயின் மருந்தாக வைத்துக்கொள்ளத் தக்கதாக அது அமையவில்லை. 1920களில் அதன் உறவுப் பொருளொன்றைச் சிந்தலின் என்ற பெயரில் செருமனியில் விற்றனர்; அது கல்லீரலைக் கெடுக்கவே, கைவிட்டனர். 1922இல் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்னும் இருவர் மெட்பார்மின் என்று இன்று நாம் அழைக்கும் சேர்மத்தை ஆய்வகத்தில் ஆக்கினர். அது முப்பதாண்டுக்கு மேல் நீரிழிவு மருந்தாகப் பயன்படாமற் கிடந்தது. பிரெஞ்சு மருத்துவர் ஷான் ஸ்டெர்ன் அதனை எடுத்து, நோயாளிகளிடம் அளந்து கொடுத்துச் சோதித்து, 1957இல் முடிவுகளை வெளியிட்டார்.

அத்துடனும் சோதனை முடியவில்லை. அதே குடும்பத்தில் பிறந்த பென்பார்மின் என்னும் மருந்து, இரத்தத்தில் அமிலம் பெருகி உயிர்களைக் கொண்டுபோனதால், 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. அதன் பழி மெட்பார்மின்மீதும் விழுந்தது. ஆகவே அமெரிக்கா 1994ஆம் ஆண்டு இறுதியில்தான் மெட்பார்மினுக்கு இசைவு தந்தது. 1998இல் இங்கிலாந்தில் வெளியான நெடுநாள் ஆய்வு, உடல் பருத்த நீரிழிவாளரிடம் அம்மருந்து மாரடைப்பையும் இறப்பையும் குறைப்பதைக் காட்டியது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது.

தோழர்களே! என் சிறிய தந்தையார் 'இயற்கையன்று' என்று எறிந்த மாத்திரை இதுதான். அந்த வெள்ளை மாத்திரைக்கு ஒரு செடியே மூதாதை. நம் கண்ணுக்கு இலை தெரியவில்லை, அவ்வளவே வேறுபாடு. அவர் சந்தையில் வாங்கிய பொடியில் என்ன இலை இருந்தது, எவ்வளவு இருந்தது, யார் அதனைச் சோதித்தார் என்பதை அதனை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். எறிந்த மாத்திரைக்குப் பின்னாலோ எண்பதாண்டுக் கால அளவீடும் சோதனையும் நின்றன. என் நெஞ்சம் நடுங்கியது இதனாலேதான்.

சிறுநீரகத்தை அம்மாத்திரை கெடுத்துவிடும் என்ற அச்சத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகின்றேன். சிறுநீரகத்தைக் கெடுப்பவை கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆகும். சிறுநீரகம் முன்பே பெரிதும் பழுதுற்றவர்க்கு மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதற்காகவே அவ்வப்போது இரத்தத்தைச் சோதிக்கச் சொல்கின்றார். நிறுத்துவதும் குறைப்பதும் அவர் வேலை, சந்தைக்காரர் வேலையன்று.

இவ்வரலாறு ஒன்றே ஒன்றன்று. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் புளோரிசின் என்னும் சேர்மத்தைப் பிரித்தனர். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதைப் பின்னர் கண்டனர். ஆனால் அதனை வாயால் உட்கொண்டால் குடலிலேயே சிதைந்துவிடும். அதன் அமைப்பைத் திருத்தித் திருத்தி ஆக்கிய டபாகிளிபுளோசின் போன்ற மாத்திரைகள் 2012ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தன. இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பனவாக அவை பெயர்பெற்றுள்ளன. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1931இலேயே வங்காளத்தின் கணநாத் சென், கார்த்திக் போஸ் ஆகியோர் எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் அதனை உலகறியச் செய்தார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. உள்ளச் சோர்வு முதலிய பக்க விளைவுகளால் இன்று அதன் வழக்கு மிகக் குறைந்துவிட்டது. இம்மூன்று வரலாறுகளும் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே. செடியில் ஆற்றல் உண்டு. அவ்வாற்றலைப் பிரித்து, அளந்து, பலரிடம் சோதித்து, தீங்கு கண்டவிடத்துக் கைவிடவும் துணிந்தபோதே அது மருந்தாயிற்று.

நிற்க. நம் வீட்டுக் கொல்லையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் உள்ளவற்றைப் பற்றி அறிவியல் என்ன சொல்கின்றது? தாய்மார்கள் இதனையே கேட்க விரும்புவார்கள் என்பதை அறிவேன்.

வெந்தயத்தை முதலில் சொல்லவேண்டும். இரவில் ஊறவைத்தால் அதன்மேல் வழவழப்பான கூழ் படர்கின்றதே, அது கேலக்டோமன்னன் என்னும் நார்ப்பொருள். குடலில் அக்கூழ் உணவைச் சூழ்ந்து நிற்பதால் சர்க்கரை மெல்ல மெல்லவே இரத்தத்தில் ஏறுகின்றது. ஐதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்தின் அறிஞர்கள் 1980களிலும் 1990களிலும் இதனை நோயாளிகளிடம் ஆராய்ந்து, சர்க்கரையும் கொழுப்பும் குறைவதைக் கண்டனர். அவர்கள் கொடுத்த அளவு சிட்டிகையன்று. நாளொன்றுக்கு 25 கிராமும் அதற்கு மேலும் ஆகும். உணவோடு சேர்த்துக்கொள்ளத்தக்க நல்ல துணை இது. மாத்திரை உண்போர் மிகுதியாகச் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்க.

சிறுகுறிஞ்சானைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்கின்றேன். அதன் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் இடுங்கள். மணலை இட்டதுபோல் இருக்கும். அவ்விலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாவின் இனிப்புணர்வைச் சற்று நேரம் மறைத்துவிடுகின்றன. ஆனால் நாவில் இனிப்பு மறைவது வேறு, இரத்தத்தில் சர்க்கரை மறைவது வேறு. இரண்டாவதற்கு நம்பத்தக்க பெருஞ்சான்று இன்னும் போதிய அளவில் இல்லை. பாகற்காயின் நிலையும் அதுவே. பாகற்காயைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே திரட்டி எடைபோட்ட 2012ஆம் ஆண்டு மதிப்பீடு, அதனை நீரிழிவு மருந்தாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்று முடிவு கூறியது. பாகற்காயை உண்ணவேண்டாம் என்பது இதன் பொருளன்று. அது நல்ல காய்; கறியாக்கி உண்க. மாத்திரைக்கு மாற்றாக அதன் சாற்றைப் பருகவேண்டா.

மஞ்சளில் உள்ள குர்குமினைப் பற்றி நல்ல செய்தியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 240 பேரைத் தாய்லாந்தில் ஒன்பது மாதம் ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டனர். குர்குமின் பெறாதோரில் நூற்றுக்கு 16 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். பெற்றோரில் ஒருவரும் ஆகவில்லை. கேட்பதற்கு இனிய செய்தி. ஆயினும் ஓரிடத்து ஆய்வை மட்டும் வைத்து உலகம் மருந்து எழுதுவதில்லை. மேலும் குர்குமின் உடலில் எளிதில் சேர்வதில்லை. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் ஏறத்தாழ 20 மடங்கு கூடுதலாகச் சேர்கின்றது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் கண்டனர். நம் பாட்டியர் மஞ்சளையும் மிளகையும் ஒரே குழம்பில் இட்டது எண்ணத்தக்கது. ஆனால் அவ்வாறு செறிவூட்டிய மாத்திரைகளை விழுங்கியோர் சிலர்க்குக் கல்லீரல் பழுதுற்றதாக அண்மை ஆண்டுகளில் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிந்துள்ளனர். குழம்பில் உள்ள மஞ்சள் உணவு; குப்பியில் அடைத்த மஞ்சள் மருந்து. மருந்தாயின் அளவு வேண்டும்.

ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவாரைக் காண்பதரிது என்னும் பொருள்பட நம் முன்னோர் பழமொழி வழங்கினர். ஆவாரை நம் ஊர்ப் பொட்டலெங்கும் பூத்துத்தான் இருக்கின்றது. என் சிறிய தந்தையாரை அவ்வழியாகத்தான் எடுத்துச் சென்றோம். முன்னோர் சொல்லை இகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். அளந்து பார்க்கும் கடமையை நமக்கு விட்டுச் சென்றார்கள்.

'இயற்கையானது தீங்கு செய்யாது' என்னும் மயக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உண்ட பெண்டிர் பலர் சிறுநீரகம் செயலிழந்து வாடினர். அத்தகையோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். ஒரு மூலிகைக்கு மாற்றாக வேறொன்று கலந்துவிட்டதே காரணம். அக்கலப்பில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் நம் ஊர் ஆடுதின்னாப்பாளையிலும் உண்டு. ஆடு தின்னாததை மனிதன் அளவறியாமல் தின்னலாமா? இன்னொரு கொடுமையும் நடக்கின்றது. 'மூலிகை' என்று விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் நீரிழிவு மாத்திரைகளையும் ஸ்டீராய்டையும் மறைவாகக் கலந்திருந்ததைப் பல நாட்டு ஆய்வகங்கள் கண்டுபிடித்துள்ளன. உடனே குணம் தெரிவதன் மருமம் சில வேளைகளில் இதுவே.

சித்த மருத்துவத்தை நான் குறை கூறுவதாக எவரும் கருதவேண்டா. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர் என்பதை நாம் மறத்தலாகாது. தாம்பரத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவர் ஓலைச்சுவடியையும் கற்றார். தாமே எண்ணியும் பார்த்தார். சித்த மருத்துவத்தில் மருந்து வேண்டுவோர், ஐந்தாண்டுக்கு மேல் கற்றுப் பட்டம் பெற்று அரசு மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் சித்த மருத்துவரிடம் செல்க. தாம் உண்ணும் பிற மாத்திரைகளையும் அவரிடம் மறையாது காட்டுக. சந்தையில் கூவுபவரும் அவரும் ஒருவரல்லர்.

அவ்வாறாயின் வராமல் தடுப்பதற்கு வழி என்ன? விடை நம் மாநிலத்திலேயே கிடைத்துள்ளது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் அவர்களும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவை ஒழுங்குபடுத்தி நாள்தோறும் நடந்தவருள் 39 பேரே ஆளாயினர். மெட்பார்மின் உண்டவருள் 40 பேர். இரண்டையும் செய்தவருள் ஏறத்தாழ அதே அளவினர். நடையும் உணவும் மாத்திரைக்கு நிகராக நின்றன! நோய் வருமுன் நடை. வந்தபின் நடையோடு மாத்திரை. இதுவே நான் கண்ட நெறி.

உணவென்றால் செடிகொடிகளின் பொருள்கள் நம் உடலில் நாள்தோறும் செய்யும் வேலையே. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ப்பொருள் உண்டு; தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கம்பு, சாமை, வரகு ஆகியவற்றிலும் அரிசியைவிட நார் மிகுதி. அவற்றை மாவாக்கிக் குழைத்துப் பருகுவதைவிடச் சோறாக்கி மென்று உண்பது நன்று. தட்டில் சோற்றைப் பாதியாகக் குறைத்து, அவ்விடத்தில் கீரை, அவரை, முருங்கைக் கீரை, கொள்ளு, பயறு ஆகியவற்றை நிரப்புங்கள். நம்மை இழிவுபடுத்துவதற்காக ஒரு காலத்தில் 'கூழ் குடிப்பவர்' என்றனர். அக்கூழை இன்று நகரத்துப் பெருங்கடைகளில் பளபளக்கும் பொட்டலத்தில் இட்டு உயர்ந்த விலைக்கு விற்கின்றனர். நம் உணவை நாணித் துறந்தோம். இனி நாணாமல் மீட்டுக்கொள்வோம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லி முடிக்கின்றேன். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில், பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நானே முதலில் சென்று நின்றேன். இடுப்பு 97 செ.மீ.; அழுத்தம் 142/90; வெறும் வயிற்றுச் சர்க்கரை 114. ஐந்தில் மூன்று! ஆசிரியன் தேர்வில் தோற்றான் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று தொடங்கி விடியலில் ஒரு மணி நேரம் நடக்கின்றேன். இரவில் சோற்றை விட்டேன். மருத்துவர் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாளும் தவறவிடுவதில்லை. ஊறவைத்த வெந்தயத்தையும் உண்கின்றேன். இன்று இடுப்பு 91. சர்க்கரை 100க்குக் கீழே. இன்னும் ஒரு செ.மீ.க்கு மேல் குறையவேண்டும், ஆகவே நானும் இன்னும் மாணவனே.

அண்ணல் அம்பேத்கர் நீரிழிவால் நெடுங்காலம் அல்லலுற்றார் என்பது நீங்கள் அறிந்ததே. கால் வலியும் கண் மங்கலும் வருத்த, அவற்றினூடேதான் நாட்டுக்கு அரசியலமைப்பை ஆக்கித் தந்தார். 1956 டிசம்பர் 6ஆம் நாள், 65ஆம் அகவையில் அவர் மறைந்தார். ஸ்டெர்ன் தம் முடிவுகளை வெளியிட்டது அதற்கு மறு ஆண்டில். அவருக்குக் கிட்டாத மாத்திரை இன்று நம் சேரியின் கடைசிக் குடிசைக்கும் விலையின்றி வருகின்றது. அதனை வாங்கி வைத்துவிட்டு உண்ணாமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆகவே இக்கழகத்தின் இளைஞர்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன். கழகத்தின் படிப்பகத்தில் ஓர் அளவு நாடாவும் ஓர் இரத்த அழுத்தக் கருவியும் வையுங்கள். முப்பது அகவை கடந்த ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு இருமுறை அளந்து, குறிப்பேட்டில் எழுதுங்கள். அளவு மீறியோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயிலும் பிள்ளைகளே, உங்களுக்கு. நம் பாட்டியரும் பாட்டன்மாரும் காட்டிலும் கரம்பிலும் அறிந்த செடிகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். மருந்தியலும் வேதியியலும் கற்று, அவற்றை அளந்து சோதிக்கும் ஆய்வகத்திற்குச் செல்லுங்கள். கலேகாச் செடியைக் கண்ட நாட்டு வைத்தியரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அதனை அளந்தவர் பெயரே வரலாற்றில் நின்றது. செடியை அறிந்த கைகள் நம்முடையவை. அளக்கும் கைகளும் நம்முடையவாகட்டும்.

என் சிறிய தந்தையாரிடம் அன்று சொல்லத் தவறியதை இன்று உங்கள் அனைவரிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் மாத்திரையை நிறுத்திவிட்ட ஒருவர் இருப்பார். இன்றிரவே அவரிடம் பேசுங்கள், என்னைப்போல் வாளாவிருந்துவிடாதீர்கள்.